ஒண்ணுமில்ல

இதை ஒரு மினிட்ஸ் நோட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 1990களின் நடுவில் நான் இருந்த அமைப்பின் செயற்குழு நோட்டு அது, கையெழுத்து என்னுடையது. வன்முறை நடந்த ஊர்களுக்குப் போய் மக்களிடம் வாக்குமூலம் வாங்கி அறிக்கை எழுதுவது எங்கள் வேலைகளில் ஒன்று. அந்த வேலையில் ஐந்து வருஷம் அலைந்த பெண் தோழர் ஒருவர் விலகிப்போனதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ‘ஊக்கக் குறைவாலும் சொந்தக் காரணங்களாலும் விலகுகிறார்.’ அதற்கு முந்தைய எட்டு மாதமும் அவர் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது தலைவலியைப் பற்றி மட்டும்தான். நெற்றியில் தைலம் மின்ன கூட்டத்துக்கு வருவார். ‘என்ன தோழர், உடம்பு சரியில்லையா?’ ‘ஒண்ணுமில்ல தோழர், தலைவலிதான்.’ அவர் ஒண்ணுமில்ல என்றதை நாங்களும் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டு அடுத்த தீர்மானத்துக்குப் போனோம்.

அடுத்த வருஷம் என் முறை வந்தது. ஒரு ஊருக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். எரிந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, போனது என்னென்ன என்று ஒரு அம்மாள் சொல்லச் சொல்ல எழுதினேன் — அண்டா, ரேஷன் கார்டு, மகளுக்கென்று வைத்திருந்த புடவை இரண்டு. அறிக்கை நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். வீடு திரும்பிக் குளித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ‘எப்படி இருந்துச்சு அங்க?’ என்று மனைவி கேட்டதற்கு ‘வேல முடிஞ்சுது’ என்றேன். மறைக்கவில்லை, உள்ளே தேடியும் சொல்வதற்கு எதுவும் தட்டுப்படவில்லை. நாலைந்து மாதம் கழித்து வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. எண்டோஸ்கோபி வரை பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டர். பிறகு தபாலைப் பிரிக்க முடியாமல் போயிற்று. உறையை எடுப்பேன், அப்படியே வைத்துவிடுவேன். ஞாயிறு முழுக்கத் தூங்கினாலும் திங்கட்கிழமை அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். ‘நீங்க ரொம்பக் கோவமா இருக்கீங்க’ என்று ஒருநாள் மனைவி சொன்னபோது எனக்கு நிஜமாகவே வியப்பாக இருந்தது. யார் மேல்? எதற்காக? ‘துணி மடிக்கறதப் பாத்தாலே தெரியுது’ என்றார்.

மருத்துவச் சொல்லாடல் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: அலெக்ஸிதைமியா. பாஸ்டன் நகரத்து மனநல மருத்துவர் பீட்டர் ஸிஃப்னியோஸ் 1970களின் தொடக்கத்தில் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய சொல். இன்மை, சொல், உணர்ச்சி என மூன்று துண்டுகளின் ஒட்டு. அவரும் அவருடைய சகா ஜான் நெமையாவும் பார்த்தவர்கள் வயிற்றுப்புண், ஆஸ்துமா போன்ற உபாதைகளோடு வந்த நோயாளிகள். என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டால் என்ன நடந்தது என்று சொல்வார்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் யார் என்று துல்லியமாகச் சொல்வார்கள். உணர்ச்சி மட்டும் இருக்காது. இதே விஷயத்தை பாரீஸில் பியர் மார்ட்டியும் மிஷேல் தெ முஸானும் 1963லேயே வேறு பெயரில் எழுதியிருந்தார்கள். கற்பனையோ கனவோ ஒட்டாமல், செய்ய வேண்டியதை மட்டுமே சுற்றி வரும் ஒருவகைச் சிந்தனை என்பது அவர்கள் கணிப்பு. என் அறிக்கைகளின் நடையைப் பற்றி யாரோ எழுதியதுபோல் எனக்குப் பட்டது.

இதை உணர்ச்சியின்மை என்று மொழிபெயர்த்தால் தவறாகிவிடும். உணர்ச்சி இருக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தாடை இறுகுகிறது, வயிற்றில் அமிலம் சுரக்கிறது. இன்னதென்று அடையாளம் காண்பதும் சொல்வதும்தான் நடக்கவில்லை. தமிழில் ஒரு வசதி, அதுவே ஒரு சிக்கலும்கூட: ‘உணர்’ என்கிற ஒரே வினை அனுபவிப்பதையும் அறிவதையும் சேர்த்தே குறிக்கிறது. ‘தவறை உணர்ந்தேன்’ என்றால் அறிந்தேன். ‘வலியை உணர்ந்தேன்’ என்றால் அனுபவித்தேன். மொழி ஒன்றாக வைத்திருக்கும் இந்த இரண்டும் மனிதருக்குள் தனித்தனியாகக் கழன்றுபோக முடியும் என்பதுதான் அலெக்ஸிதைமியா சொல்லவரும் செய்தி.

இதை அளப்பதற்கு ஒரு கருவி இருக்கிறது. கிரேம் டெய்லர், மைக்கேல் பேக்பி, ஜேம்ஸ் பார்க்கர் மூவரும் 1994ல் வெளியிட்ட டொரொன்டோ அளவுகோல். மொத்தம் 20 வாக்கியங்கள். உணர்ச்சியை இனங்காண்பதில் சிரமம், விவரிப்பதில் சிரமம், புறத்தையே நோக்கிய சிந்தனை என்று மூன்று கூறுகள். இதைக் கொண்டு ஃபின்லாந்தின் பொதுமக்களிடம் எடுத்து 1999ல் வெளியான ஆய்வில் ஆண்களில் 17 சதவீதமும் பெண்களில் 10 சதவீதமும் இந்த வரம்புக்குள் வந்தார்கள். இது நோய்ப் பட்டியலில் உள்ள நோயல்ல. ஆளுக்கு ஆள் கூடியும் குறைந்தும் இருக்கிற இயல்பு என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆட்டிஸம் உள்ளவர்களிடம் இது கணிசமாக அதிகம், ஏறக்குறைய பாதிப்பேரிடம் என்கின்றன பிந்தைய ஆய்வுத் தொகுப்புகள். ஆட்டிஸத்தின் ‘உணர்ச்சியற்ற தன்மை’ என்று உலகம் சொல்லிவந்ததில் ஒரு பங்கு உண்மையில் இதைச் சேர்ந்தது என்ற வாதமும் இருக்கிறது. அது தனியாக எழுதப்பட வேண்டியது.

இங்கே நாம் கொஞ்சம் சந்தேகப்படவும் வேண்டும். தன் உள்ளத்தை வாக்கியமாக்கிப் பேசுவதை ஆரோக்கியம் என்று தீர்மானித்தது யார்? மருத்துவரின் எதிரே நாற்காலியில் அமர்ந்து ‘நான் இவ்வாறு உணர்கிறேன்’ என்று பேசப் பழகிய மேற்கத்திய நடுத்தர வர்க்கத்துத் தன்னிலையே இங்கே அளவுகோலாகிவிடுகிறது. லாரன்ஸ் கிர்மேயர் 1987ல் இதே கேள்வியை எழுப்பினார். ஆர்தர் க்ளைன்மன் சீனாவின் ஹுனான் மாகாணத்தில் நரம்புத் தளர்ச்சி என்று முத்திரையிடப்பட்ட 100 பேரைப் பரிசோதித்தபோது 87 பேருக்குக் கடும் மனச்சோர்வுக்கான அடையாளங்கள் இருந்தன. அவர்கள் சொன்னதெல்லாம் தலைவலி, அசதி, தூக்கமின்மை. கலாச்சாரப் புரட்சி மிதித்துப்போட்ட வாழ்க்கைகள் அவை. துயரம் என்று சொன்னால் அது அரசியல் விமர்சனமாகிவிடுகிற இடத்தில் தலைவலி என்று சொல்வது பாதுகாப்பு.

தமிழுக்கு உடம்பால் பேசுவது குறையே அல்ல. வயிறு எரியுது, ஈரக்குலை நடுங்குது, நெஞ்சு அடைக்குது, கை ஓடல கால் ஓடல — இவை எல்லாம் சொற்கள், வளமான சொற்கள். தொல்காப்பியம் உணர்ச்சிக்கு ஒரு இயலையே ஒதுக்கி அதற்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர் வைத்தது. மெய்யில் படுவது மெய்ப்பாடு. ஆகவே ‘வயிறு எரியுது’ என்று சொல்லும் கிராமத்துப் பெண்ணை ஸிஃப்னியோஸின் நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்லில்லாதவள் என்று தீர்ப்பெழுதுவது அபத்தம். வயிறு எரிகிறது என்கிறவளுக்கு யாரால் எரிகிறது என்று தெரியும். எனக்கு வயிறு எரிந்தபோது நான் ஜெலுசில் குடித்தேன்! வித்தியாசம் இங்கேதான். உடம்பில் தோன்றுவதற்கும் உலகில் நடப்பதற்கும் இடையே இருக்க வேண்டிய கயிறு அவளிடம் இருந்தது. என்னிடம் அறுந்திருந்தது.

இனி சோர்வுக்கு வருவோம். களைப்பு, அசதி, அலுப்பு, சலிப்பு, சோர்வு என்று நம்மிடம் ஏகப்பட்டவை இருக்கின்றன. களைப்பு தூங்கினால் போகும். அலுப்புக்கு இரண்டு நாள் லீவு வேண்டும். நான் சொல்லவருவது தூங்கினாலும் போகாதது. எரிந்துபோதல் என்று இப்போது எழுதுகிறார்கள். அடிப்பிடித்தல் என்பது இன்னும் பொருத்தம் என்பேன். மேலே கொதித்துக்கொண்டுதான் இருக்கும், அடியில் தீய்ந்திருக்கும்.

இந்தச் சொல் ஏதோ கம்பெனி அதிகாரிகளின் வியாதியைக் குறிக்கப் பிறந்தது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. உண்மையில் அது ஒரு இயக்கச் சூழலில் பிறந்தது. 1967ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் ஆரம்பித்த இலவச மருத்துவமனை இயக்கத்தின் அலை நியூயார்க்குக்கும் வந்தது. அங்கே தெரு இளைஞர்களுக்கும் போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்குமான இலவச மருத்துவமனை ஒன்றில் ஹெர்பர்ட் ஃப்ராய்டென்பெர்கர் வேலைசெய்தார். சிறுவயதில் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர், உளவியலாளர். பகலெல்லாம் சொந்த ஆலோசனை அறை, மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் இலவச மருத்துவமனை. கூட வேலை பார்த்தவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். ஒரு வருஷம் ஆவதற்குள் ஒவ்வொருவராக வறண்டுபோவதைப் பார்த்தார். போதையில் கரைந்துபோனவர்களைக் குறிக்கத் தெருவில் புழங்கிய சொல்லையே எடுத்து 1974ல் கட்டுரை எழுதினார். அதில் அவர் தரும் அடையாளங்களில் கணிசமானவை உடம்பு சார்ந்தவை: விடாத ஜலதோஷம், அடிக்கடி தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை. பிறகு எரிச்சல், யார் மீதும் நம்பிக்கையின்மை, மாற்றத்தை ஏற்காத இறுக்கம். அர்ப்பணிப்பு உள்ளவர்கள்தான் இதில் முதலில் விழுகிறார்கள் என்றார். எங்கள் தோழரின் தைலம் 1974லேயே அச்சேறிவிட்டது; எங்களில் யாரும் படித்திருக்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது ஃப்ராய்டென்பெர்கர் தானே விழுந்த கதை. குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்ப வேண்டிய நாளில் அவரால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. மற்றவர்கள் மனதைப் படிப்பதே தொழிலாகக் கொண்டவர்! பிறகு ஒரு டேப் ரிக்கார்டரில் பேசிப் பதிவுசெய்து, வேறொரு நோயாளி பேசுவதைக் கேட்பதுபோல் தன் குரலைத் திரும்பக் கேட்டார். அப்போதுதான் அந்தக் குரலில் இருந்த கோபமும் குற்றவுணர்வும் அவருக்குப் புரிந்தன. நமது இரண்டு விஷயங்களும் ஒரே அறையில் சந்தித்த இடம் இது. எரிந்துபோனவருக்குத் தான் எரிந்தது தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தன்னையே அந்நியனாக்கிக் கேட்க வேண்டியிருந்தது.

கிரகாம் கிரீன் 1960ல் இதே பதத்தை நாவல் தலைப்பில் வைத்தார். காங்கோவின் தொழுநோய் இல்லம் ஒன்றில் நடக்கும் கதை. நோய் தன் வேலையை முடித்து ஓய்ந்துபோன, விரல்களை இழந்த நோயாளியைக் குறிக்கும் பதம் அங்கே ஒரு மனிதனின் உள்வறட்சிக்கு ஏற்றப்படுகிறது. நோயை உருவகமாக்குவது பற்றி 1978ல் சூஸன் ஸொன்டாக் எச்சரித்ததை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன். தொழுநோய் இன்று கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாகிற நோய். ஆனால் அதன் உடற்கூற்று உண்மை ஒன்று நமக்கு உதவும். அது தெளிவானது நம்முடைய வேலூரில்.

1914ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946லிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்று அன்று மருத்துவ உலகமே நம்பியது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம். சாவி எலும்புவரை வெட்டியிருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. விரல்களைத் தின்பது நோய்க்கிருமி அல்ல, வலியின்மைதான் என்று பிராண்ட் நிறுவியதில் இப்படிப்பட்ட தருணங்களுக்குப் பங்கு உண்டு. வலிக்காததால் சக்திக்கு மேல் திருகுகிறான். வலிக்காததால் புண்ணோடு வேலைசெய்கிறான். அவனுடைய பலம் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது அவன் காயம்.

அமெரிக்காவுக்குப் போனபின் பிராண்டின் குழு செயற்கை வலி ஒன்றைச் செய்துபார்த்தது. கையுறையில் அழுத்தத்தை அறியும் கருவி. எல்லை மீறினால் எச்சரிக்கை, பிறகு மின்னதிர்ச்சி. திட்டம் தோற்றது. முக்கியமான வேலை வந்தபோது நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள்! எனக்கு எங்கள் செயற்குழுதான் ஞாபகம் வந்தது.

இவற்றை இணைத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. ஃபின்லாந்தில் ‘ஆரோக்கியம் 2000’ என்ற நாடளாவிய கணக்கெடுப்பில் கலந்துகொண்ட, வேலையிலிருக்கும் மக்களின் தரவுகளை வைத்து ஐனோ மாட்டிலாவும் சகாக்களும் 2007ல் எழுதிய கட்டுரை, அலெக்ஸிதைமியாவுக்கும் வேலைச் சோர்வுக்கும் வலுவான தொடர்பு இருப்பதாகச் சொன்னது. ஆனால் ஒரே சமயத்தில் எடுத்த அளவு என்பதால் எது எதற்குக் காரணம் என்பதை அது சொல்லாது. இரண்டு திசையிலும் பாதை இருக்கிறது என்பது என் வாசிப்பு. கோபம் என்று தெரிந்தால் சண்டை போடலாம். பயம் என்று தெரிந்தால் துணைக்கு ஆள் கூப்பிடலாம். துக்கம் என்றால் அழுதுவிட்டு வரலாம். எல்லாம் ஒரே ‘ஒரு மாதிரி இருக்கு’வாக இருந்தால் செய்வதற்கு மிஞ்சுவது ஒன்றுதான், அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்வது. சொல்லாதவரிடம் யாரும் ஆறுதலாக வருவதும் இல்லை. மறுதிசையில், தாங்கமுடியாத நெருக்கடி இருக்கிற சொல்லையும் பிடுங்கிக்கொள்ளும். ஹெல்முட் ஃப்ரைபெர்கர் 1977ல் இதை இரண்டாம்நிலை அலெக்ஸிதைமியா என்றார். டயாலிஸிஸ் போன்ற சிகிச்சைகளில் உயிருக்குப் போராடுகிறவர்களிடம் பார்த்தது. நாஜி முகாம்களிலிருந்து மீண்ட ஹென்றி க்ரிஸ்டல் பின்னாளில் மனநல மருத்துவராகி, தன்னைப்போலவே மீண்டவர்களிடம் இதைக் கண்டு எழுதினார். உணர்ந்தால் செத்துவிடுவோம் என்ற இடத்தில் உணர்வை அணைப்பது உயிர்தரிக்கும் வழி. அணைத்த விளக்கு பிறகு தானாக எரிவதில்லை.

அளவீட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூஸன் ஜாக்ஸனும் 1981ல் தந்த சோர்வுப் பட்டியல் — உணர்ச்சி வறட்சி, எதிரே இருப்பவரை மனிதராகப் பாராமை, சாதித்ததாகத் தோன்றாமை என்ற மூன்றையும் அளப்பது — ‘எனக்கு உணர்ச்சிரீதியாக வற்றிப்போனதுபோல் தோன்றுகிறதா’ என்ற ரீதியில் ஆளிடமே கேட்கிறது. தன் உணர்ச்சி தெரியாதவர் இதற்கு என்ன பதில் எழுதுவார்? ‘ஒருபோதும் இல்லை’ என்று டிக் செய்துவிட்டுத் தலைவலித் தைலத்தைத் தேடுவார். மிக மோசமாக எரிந்தவர்கள் கணக்கில் வராமலே போகலாம்.

சரி, இந்தச் சொல்லின்மை எங்கே உற்பத்தியாகிறது? பிறவி இயல்பு, குழந்தைப்பருவம் எல்லாம் இருக்கட்டும். எங்கள் அமைப்பில் அது அன்றாடம் உற்பத்தியானது. பயம் என்று சொன்னால் ஊசலாட்டம். துக்கம் என்றால் குட்டி முதலாளித்துவ மனோபாவம். அலுப்பு என்றால் ஊக்கக் குறைவு. தலைமை மேல் கோபம் என்றால் தனிநபர்வாதம். ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு குற்றப்பெயர் தயாராக இருந்தது. மக்களின் கோபம் அரசியல், என் கோபம் பலவீனம். ஆர்லி ஹாக்‌ஷைல்ட் 1983ல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதும்போது, எந்த இடத்தில் எதை உணர வேண்டும் என்பதற்கே விதிகள் இருப்பதையும் அதற்கான உழைப்பு கூலிக்கு விற்கப்படுவதையும் காட்டினார். அங்கே சிரித்தாக வேண்டும். எங்களிடம் உறுதியாக இருந்தாக வேண்டும். விமான கம்பெனியாவது சம்பளம் கொடுத்தது.

வீட்டுக்குள் வந்தால் கணக்கு இன்னும் மோசம். துணி மடிக்கும் விதத்திலிருந்து என் கோபத்தை வாசித்தது என் மனைவி. பல வருஷங்கள் என் அகராதியாக இருந்தவர். ஃபின்லாந்துக் கணக்கில் ஆண்கள் கூடுதலாக வருவதைச் சொன்னேன்; ரொனால்ட் லெவன்ட் 1990களில் ஆண்மை வளர்ப்பே ஆண்களில் இதைச் சகஜமாக்குகிறது என்று வாதிட்டார். அந்தச் சகஜத்தைத் தாங்கிக்கொள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் முகம் பார்த்து, மூச்சுப் பார்த்து, தட்டு வைக்கிற சத்தம் கேட்டு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய சோர்வு எந்தப் பட்டியலிலும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் எரிந்துபோதல் இடம்பெற்றிருக்கிறது. நோயாக அல்ல, தொழில்சார் நிகழ்வாக. வாழ்க்கையின் பிற தளங்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அங்கே சொல்லப்படுகிறது. சம்பளமில்லாத தொண்டர்களைப் பார்த்துப் பிறந்த சொல்லுக்குள் இன்று சம்பளமில்லாதவர்கள் நுழைய முடிவதில்லை.

போன வருஷம் அந்தத் தோழரைப் பார்க்கப் போனேன். வேறு ஊரில் தையல் கடை வைத்திருக்கிறார். மினிட்ஸ் நோட்டில் நான் எழுதியிருந்ததைச் சொன்னேன். ‘ஊக்கக் குறைவுன்னா எழுதினீங்க?’ என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தலைவலி ஆரம்பித்த நாளைச் சொன்னார். ஏதோ ஒரு ஊரில் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். பேனா பிடித்த கை. எழுத முடியாமல் போயிற்று. எழுதாமல் இருந்ததற்கு அன்று சாயங்காலம் எங்களில் ஒருவர் கடிந்துகொண்டாராம். யார் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

‘அத இப்ப திருத்தி எழுதறேன் தோழர். என்னன்னு எழுதட்டும்?’ என்றேன். மிஷினில் இருந்த துணியைக் கொஞ்ச நேரம் நீவிக்கொண்டிருந்தார். ‘கோவம்னு எழுதலாம்’ என்றார். அப்புறம், ‘இல்ல, அது மட்டும் இல்ல’ என்றார். பயமா என்று கேட்டேன். அதுவும் கொஞ்சம் என்றார். ஒரு வார்த்தை வந்து, அதைத் தள்ளிவைத்து, இன்னொன்று வந்து, டீ வாங்கிக் குடித்து, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நோட்டில் அந்த வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது.